தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சொற்பொழிவு

கூட்டத்தில் கைதட்டு விழுந்ததும் பேச்சை நிறுத்தத் தெரிந்தவன்தான் புத்திசாலி. எனக்கு அந்தப் புத்தி முப்பது வயது வரை வரவில்லை. (பிறகு வந்ததாகவும் என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை.)

எண்பதுகளின் தொடக்கத்தில், கலியாணம் முடித்துச் சில மாதங்களில், வவுனியா நகரத்தில் ஒரு மாடி வீட்டை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தோம். கீழே இரும்புக்கடை, மேலே நாலு வீடுகள். கடையும் கட்டடமும் ஹனீபா நானாவுடையவை. அதுவரை மாமனார் வீட்டு நெல்லு அறையில், மூட்டைகளுக்கு நடுவில் படுத்தெழும்பிய எங்களுக்கு அது மாளிகை. என் மனைவி மங்கை முன்கதவைச் சும்மா சும்மா பூட்டித் திறந்து பார்த்துச் சந்தோசப்படுவாள்.

குத்தகை போக, மாதாமாதம் 'பராமரிப்புக் காசு' என்று ஒன்று இருந்தது. தண்ணி மோட்டருக்கு, படிக்கட்டு லைட்டுக்கு, மொட்டை மாடித் தொட்டி கழுவ என்று வாங்குவார்கள். அது ஏறிக்கொண்டே போனது. லைட்டோ நாங்கள் குடிவந்ததிலிருந்து எரிந்ததேயில்லை. ஒருநாள் இருட்டில் தடவித் தடவி ஏறி, எங்கள் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போய், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, காலில் கிடந்த சப்பாத்தையும் கழற்றிவிட்டேன். அந்த வீட்டுக்காரி, ஆஸ்பத்திரித் தாதி கமலா, கையில் அகப்பையோடு வந்து நின்றா.

"தம்பி, இதுக்கு ஒரு முடிவு கட்டவேணும். நீங்கள் கச்சேரியில வேலை செய்யிறனீங்கள். நீங்கள்தான் கேக்கவேணும்."

கச்சேரி என்ற அந்த அரசாங்க அலுவலகத்தில் நான் செய்தது, மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதும் வேலை. ஆனால் அந்த ஒரு வசனம் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. குளியலறையில் பேச்சுப் பழகத் தொடங்கினேன்.

"இஞ்சருங்கோ, தன்மையாக் கேளுங்கோ," என்றாள் மங்கை. "அந்தாள் கோவிச்சு வீட்டை விட்டு எழும்பச் சொன்னாரெண்டால் திரும்ப நெல்லு மூட்டைதான்."

ஞாயிறு காலை மொட்டை மாடியில் நாலு வீட்டாரும் கூடிய கூட்டம். ஹனீபா நானா மூச்சு வாங்க வாங்க ஏறி வந்தார், தேத்தண்ணிக் கேத்திலோடும் ஒரு பெட்டி பிஸ்கட்டோடும். பிஸ்கட்டோடு வருகிறவர் சண்டைக்கு வரவில்லை என்பது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"முதலாளி அவர்களே!" என்று தொடங்கினேன். (முதல்நாள் வரை, அண்ணன் முறையில், 'நானா'தான்.) "எரியாத லைட்டுக்கு ஏன் காசு? கழுவாத தொட்டிக்கு ஏன் காசு?"

கைதட்டு விழுந்தது. நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நியாயந்தான் தம்பி. நான் கடையே கதியெண்டு கிடக்கிற ஆள், மேல ஏறிப் பாக்கிறதில்ல. வாற மாசம் தொட்டுப் பாதியாக் குறைச்சிருவோம். லைட்டும் போட்டுத் தாறன்."

வழக்கு வென்றாயிற்று. ஆனால் என் பேச்சில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"மழுப்ப வேண்டாம்! ஆதாரம் காட்டுறன்!" என்று தொட்டியின் ஏணியில் ஏறினேன்.

"ஏறாதீங்க தம்பி! பலகை மூடியைப் பாருங்க, உக்கி உளுத்துப் போயிருக்கு!"

ஆகா, மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து, மூடியின் நடுவிலேயே ஏறி நின்று கையை உயர்த்தினேன். "சகோதரர்களே!" என்ற சொல் வரைக்கும் சனம் என்னைக் கண்டது. அதற்குப் பிறகு காணவில்லை.

நல்லகாலம், விடியலிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டர் ஓடாததால் தொட்டியில் கணுக்கால் அளவுச் சேறுதான். வேறு மனுசன் என்றால் "ஐயோ" என்று கத்தியிருப்பான். நான் இரண்டு கையாலும் பாசியை அள்ளிப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது சரி! நான் சொன்னது சரி!" என்று கத்தினேன்.

கீழே எங்கள் குசினியில், சோறு வைக்க, மங்கை பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தாள். பைப் கரகரத்தது. பிறகு அதற்குள்ளால் புருசனின் குரல் வந்தது. பானையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். (அப்படி வராது என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்கிறார்கள். அவள் சத்தியம் பண்ணுகிறாள்.)

உள்ளே சுவரைப் பிடித்தால் வழுக்கியது. வெளியே வர வழியில்லை. கடைசியில் படியேறவே களைக்கிற ஹனீபா நானாதான் ஏணியில் ஏறி, தன் அகலமான இடுப்புப் பட்டியைக் கழற்றி உள்ளே விட்டார். ஒரு கையில் என்னையும் மற்றக் கையில் இடுப்பிலிருந்து நழுவிய தன் சாரத்தையும் பிடித்தபடி இழுத்தெடுத்தார். பச்சைப் பசேலென்று நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான் தம்பி. ஆறுறதுக்கு முந்தித் தேத்தண்ணியைக் குடிங்க."

காசு குறைந்தது. லைட்டும் எரிந்தது. ஆனால் தொட்டியைக் கழுவி முடிக்கும்வரை நாலு வீட்டுக்காரரும் கீழ்க் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். படியில் என்னைக் கண்டவர்கள் ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் தண்ணீர் நின்று பைப் கரகரத்தால், என் மகள் தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்:

"அம்மா, அப்பா சொன்னது சரியாம்."

உள்ளேயிருந்து மங்கையின் குரல் வரும்: "ஓமோம். மூடச் சொல்லு."