ரெண்டு கார்பன்

எங்க பக்கம் மேசன், ஆசாரி, மெக்கானிக் எல்லாருமே 'பாஸ்'தான். அதிகாரம் பண்றவரும் பாஸ்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில நான் ஒரு முடிவெடுத்தேன். இனி எங்க வீட்டுக்கு ரெண்டு பாஸும் நானே.

விஷயம் டீவி. என் நாற்காலிக்கு நேரே சுவர்ல மாட்டணும்னு எனக்கு ஆசை. மேட்ச் பார்க்கணுமில்ல? சமைச்சுக்கிட்டே நாடகம் பார்க்க, குசினியிலிருந்து தெரியுற சுவர்லதான் மாட்டணும்னு என் மனைவி துஷ்யந்தி. ஒரு வாரமா இதே சண்டை. சனிக்கிழமை தெஹியோவிட்ட டவுன்ல, பாதையோரக் கடையில, மலிவா ஒரு ட்ரில் வாங்கினேன். 'ஹொந்த மோட்டர் மாத்தயா', நல்ல மோட்டர் ஐயான்னு, கடைக்காரன் சிங்களத்துல சத்தியமே பண்ணான். வீட்ல போட்டுப் பார்த்தேன். கொய்ங்! பக்கத்து வீட்டு நாய் ரப்பர் காட்டுக்குள்ள ஓடிப் போச்சு.

ஞாயிறு காலையில நான் ட்ரில்லைத் தூக்கினதும் துஷ்யந்தி கேட்டா: "உங்களுக்கு ஓட்டை போடத் தெரியுமாங்க? மேசன் நிலாம் பாஸைக் கூப்பிடுவோமே."

"நானே போடுவேன். பன்னிரண்டு மணிக்குள்ள போட்டுட்டா, நான் சொல்ற சுவரு."

"போடலைன்னா?"

"நீ சொல்ற சுவரு."

"எழுதிக் குடுங்க."

நான் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிளாக்கர். என்கிட்டயா கேக்குற? மேசையில உட்கார்ந்து, கார்பன் தாள் வச்சு, தேதி போட்டு, நேரம் போட்டு, அழகா எழுதினேன். ஒரிஜினல் அவளுக்கு. காப்பி எனக்கு.

ட்ரில்லை எடுத்து சுவிட்சை அமத்தினேன். மூச்சே இல்ல.

பிளக்கை மாத்தினேன். வயரை ஆட்டினேன். சுவிட்சை நோண்டினேன். கடைசியில ஸ்குரூவையெல்லாம் கழட்டி வயித்தைத் திறந்து பார்த்துட்டு, மறுபடி பூட்டினேன். மூணு ஸ்குரூ மிச்சம். ட்ரில் கம்முனு கிடந்துச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது.

"மோட்டர்ல காயில் எரிஞ்சிருச்சு."

"எரிஞ்சா நாறுமேங்க."

"மலிவு சாமான்டி. நாத்தமெல்லாம் வராது."

"கார்பனைப் பார்த்தீங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. "அடியே, இது மோட்டரு! கார்பன் எதுக்கு? ஓட்டையைக் காப்பி எடுக்கவா?"

அவளும் சிரிச்சா. கொஞ்சம் அதிகமாவே சிரிச்சா.

பன்னிரண்டு அடிச்சுது. துஷ்யந்தி தையல் மெசின் பெட்டியோட வந்தா. அதுக்குள்ளேருந்து விரல் நுனி அளவுல ரெண்டு கரித்துண்டு எடுத்தா. ஒவ்வொண்ணுக்கும் வால்ல ஒரு ஸ்பிரிங். ட்ரில்லோட ரெண்டு பக்கமும் இருந்த சின்ன மூடியைத் திருகி, உள்ள வச்சு மூடி, அமத்தினா.

கொய்ங்!

"இதுதாங்க கார்பன். இது இல்லாட்டி மோட்டருக்குக் கரண்டே போகாது. என் தையல் மெசின் மோட்டருக்கு நான்தானே மாத்துறேன்."

"இது எப்படி உன் பெட்டிக்குள்ள வந்துச்சு?"

"நீங்க கார்பன் வச்சு எழுதிக்கிட்டிருந்தப்ப, நான் கார்பனைக் கழட்டிக்கிட்டிருந்தேன்."

"அநியாயம்! ஏமாத்து!"

"கழட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

காப்பியை ரெண்டு தரம் படிச்சேன். படுபாவி, நான் எழுதலையே!

அவ குசினிக்கு நேரே இருந்த சுவர்ல பென்சிலால நாலு புள்ளி வச்சா. ட்ரில்லை என் கையில குடுத்தா.

"ம்... போடுங்க, பாஸ்."

எந்த பாஸ்னு நான் கேக்கல.