ஒரே மரத்துப் பழங்கள்

மூன்றாவது பனம்பழமும் காரின் உச்சியில் நட்டநடுவே விழுந்தபோது கிருஷ்ணப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வந்த சத்தத்தை வைத்தே எந்த இடம் நசுங்கியது என்று சொல்லுமளவுக்கு அவருக்குக் காது பழகிவிட்டிருந்தது.

எர்ணாவூர்க் குடியிருப்பில், சுவருக்கும் பனைமரத்துக்கும் நடுவே கிடந்த காலியிடத்தில்தான் அந்தப் பழைய வெள்ளைக் காரை வாங்கி நிறுத்தியிருந்தார். தெருவில் விட்டால் கன்டெய்னர் லாரி உரசிவிடும். வெள்ளிக்கிழமை அத்திப்பட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து சூப்பர்வைசர் வந்து வண்டியைப் பார்க்கப்போகிறார். அவருக்குப் பிடித்தால் ஆட்களை ஏற்றி இறக்கும் நிரந்தர ஓட்டம். பிடிக்காவிட்டால் கிருஷ்ணப்பன் மறுபடி யாரோ ஒருவர் வண்டிக்கு டிரைவர்.

"இன்னாண்ணே, இன்னிக்கும் வுழுந்துச்சா?"

இரண்டாவது மாடி ஜன்னலில் ராஜாத்தி நின்றாள். குடியிருப்பின் கேரம் சாம்பியன். எந்த மூலையில் காய் இருந்தாலும் ஒரே சுண்டில் குழிக்குள் அனுப்பிவிடுவாள்.

"இந்த மரத்த வெட்டுனாத்தான் எனக்கு நிம்மதி" என்றார் நுரை வாயோடு.

"பனைய வெட்டணும்னா கலெக்டர் உத்தரவு வோணும். அது இன்னா பாவம் பண்ணுச்சு? ஓலைல விசிறி, மட்டைல வேலி, நார்ல கட்டிலு. பழத்த சுட்டுத் துண்ணலாம். நெழல்ல குந்திக்கினு கேரம் ஆடலாம். உன் வண்டி வர்றதுக்கு முந்தி நாங்க அங்கதான ஆடிக்கினு இருந்தோம்?"

"என் வண்டிய நசுக்கவும் ஆவுது. அத வுட்டுட்டியே."

"சரி சரி, பழத்த பாழாக்காத. போடு, அவிச்சிக்கறேன்."

காய்கறி வாங்கும் கூடை கயிற்றில் இறங்கி வந்தது. கிருஷ்ணப்பன் பழத்தைப் போட்டார். முந்தைய நாட்களில் கூடையில் போட்ட இரண்டைப் போலவே இதற்கும் அதே இடத்தில் சொட்டை இருந்தது. ஒரே மரத்துப் பழங்கள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காரின் கூரைமேல் பழைய மெத்தையை விரித்தார். பழம் மெத்தையை விட்டுவிட்டு முன்பக்க பானெட்டில் விழுந்தது. அதற்கடுத்த நாள் பானெட்டில் மெத்தை, கூரையில் லாரி டயர். பழம் டயரில் எகிறிக் குதித்து, பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது.

"மரத்துக்கு உன் மேல இன்னாமோ கோவம்" என்றாள் ராஜாத்தி, கூடையை இறக்கியபடி.

கடைசியில் கீழ்வீட்டு சவரிநாதன் தன் மீன்வலையைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் பனையில், மறுபக்கம் முதல் மாடித் துணிக்கொடியில் இழுத்துக் கட்டினார்கள்.

"திமிங்கலம் வுழுந்தாலும் தாங்கும் மாமு" என்றார் சவரிநாதன்.

வெள்ளிக்கிழமை காலை, பழம் வலையில் விழுந்தது. கிருஷ்ணப்பன் கைதட்டிய அதே நேரம் போன் வந்தது. சூப்பர்வைசர் தெருமுனையில் வழி தெரியாமல் நிற்கிறாராம். பதறியடித்து வண்டியை எடுத்தார். தொங்கிய வலை பம்பரில் மாட்டியதை அவர் பார்க்கவில்லை.

நான்கு புடவை, இரண்டு லுங்கி, ஒரு பள்ளிச் சீருடை, வலை, அதற்குள் பனம்பழம் எல்லாமும் பின்னால் பறக்க, தேர் போல வந்து நின்ற காரை சூப்பர்வைசர் ஜெரின் வாய் பிளந்து பார்த்தார். பின்னாலேயே மொத்தக் குடியிருப்பும் ஓடிவந்தது, துணிகளுக்காக.

வண்டியைத் திரும்ப மரத்தடிக்கே கொண்டுவந்தார்கள். ஜெரின் கன்னியாகுமரிக்காரர், பொறுமைசாலி. இன்ஜினைப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு கூரையைத் தடவினார்.

"இது என்ன, இவ்வளவு பள்ளம்?"

"எல்லாம் இந்த மரம் சார். டெய்லி ஒரு பழம், குறி தப்பாம போடுது. அதுக்குத்தான் வலை கட்டுனேன். வண்டி மேல ஒரு தப்பும் இல்ல சார்."

அந்த நேரம் பார்த்து மேலிருந்து கூடை இறங்கியது. கிருஷ்ணப்பன் பழக்கதோஷத்தில் பழத்தை அதில் போட்டார். கூடை மேலே போனது.

ஜெரின் மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூடையைப் பார்த்தார். கூடை நுழைந்த ஜன்னலைப் பார்த்தார். அது படக்கென்று சாத்திக்கொண்டது.

"திங்கக்கிழமைலேருந்து வண்டிய அனுப்புங்க அண்ணாச்சி" என்றார். "ஆனா இது ஆண் பனையில்லா? பூக்கத்தான் செய்யும், சாவுற மட்டும் ஒரு காய் காய்க்காது. வலைய அந்த ஜன்னலுக்குக் கீழ கட்டுங்க."