தொடக்கூடாத குப்பி

பிச்சைமணி குப்பியைத் தொட்டுவிட்டான்.

வேண்டுமென்று தொடவில்லை. மேசை துடைக்கிற கை, மேசைமேல் இருப்பதையெல்லாம் எடுத்து எடுத்துத்தான் வைக்கும். அதுவும் பங்களாச் சமையலில் பதினோரு வருஷம் ஊறிய கை. குப்பியைத் தூக்கினான், அடியில் துடைத்தான், வைத்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நேற்று மேனேஜர் துரை கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"கொச்சியிலேருந்து ஏலியா முதலாளி வர்றாரு. நம்ம தேயிலைய வாங்குவாரா மாட்டாரான்னு மூணு நாள்ல தெரிஞ்சிரும். அவரு யூதரு. சாப்பாட்டுக்கு அவங்க வேதத்துல சட்டம் இருக்கு, கோஷர்னு பேரு. அவரோட வைன் குப்பிய வேத்தாள் தொட்டா அப்புறம் அவரு குடிக்க மாட்டாரு. புரியுதா?"

"புரியுதுங்க தொரை."

"குறையில்லாம முடிஞ்சா உன்னப் பெர்மனென்ட் ஆக்கிடறேன். குறை வந்துச்சு, செடி வெட்டற கவாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு மலையேறிடு."

பெர்மனென்ட் ஆனால் பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. இப்போது இருக்கிற தொழிலாளர் லயத்தில் மழை பெய்தால் சாந்தம்மாள் இரண்டு பிள்ளைகளையும் மூலைக்கு மூலை நகர்த்திக்கொண்டிருப்பாள். வண்டிப்பெரியாரில் மழை எப்போது பெய்யாது? அந்த இரண்டு அறையை நினைத்தே பதினோரு வருஷம் ஆம்லெட் போட்டவன் அவன்.

முதலாளியின் சட்டத்தில் சந்தேகப்படவும் வழியில்லை. சட்டி, தட்டு, தம்ளர் எல்லாம் கொச்சியிலிருந்தே வந்திருந்தன. காலையில் அடுக்களைக்கு வந்து அடுப்பைத் தானே பற்றவைத்துவிட்டு, "இனி நீ சமைச்சோ" என்று சொல்லிப் போனார். அடுப்புக்கே இவ்வளவு என்றால் வைனுக்கு எவ்வளவு இருக்கும்!

வைன் என்றால் சீமைச் சரக்கு இல்லை. உலர்ந்த திராட்சையில் அவர் மனைவி வீட்டில் போட்டது. "விலை கம்மி. விருந்துக்கு இல்ல, தினப்படிச் சோத்துக்குத்தான்" என்று நேற்று ராத்திரி மத்தி மீன் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைத் தம்ளர் ரசித்துக் குடித்தார்.

இப்போது துரையும் முதலாளியும் ஃபேக்டரிக்குப் போயிருந்தார்கள். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும்.

பிச்சைமணி யோசித்தான். தொட்டது தீட்டு. தீட்டு என்றால் கழுவினால் போகும். அவனுக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். மறுபடியும் கை படக்கூடாது என்று வாழையிலையைக் கையில் சுற்றிக்கொண்டு, குப்பியைத் தொட்டிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்தான். வாழையிலை, புளி, ஈரக் குப்பி. வழுக்குமா வழுக்காதா? குப்பி தொட்டியில் விழுந்தது. உடையவில்லை, நல்லகாலம். தக்கை மட்டும் தெறித்துப் போய், முக்கால் வைனும் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது.

மேனேஜர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கத்தரீனாள் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுகிறவள். பின்பக்கமாக அவளிடம் ஓடினான்.

"அக்கா, அந்த வைன் மிச்சம் இருக்கா?"

"காலையில பத்து மணிக்கு எதுக்குடா ஒனக்கு வைனு?"

"எனக்கில்லக்கா. வயித்துப் பொழப்புக்கு."

விவரம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாலும் கொடுத்தாள். கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தால், நிறம் வெளிறித் தெரிந்தது. சர்க்கரையைக் கருக்கிக் கலந்தான். நிறம் வந்தது. ஆனால் கத்தரீனாள் பட்டை, கிராம்பைப் பஞ்சமில்லாமல் போடுகிறவள். தக்கையை எடுத்தால் பிரியாணி வாசம் அடித்தது. அதை அமுக்க மீனைக் கூடுதல் மசாலா தடவி, தீயைக் கூட்டி வறுத்தான். மத்தியானம் துரை உள்ளே நுழைந்தபோது சாப்பாட்டு அறையில் புகையில் எதிராள் முகம் தெரியவில்லை.

"என்னய்யா இது, தீப்பிடிச்சிருச்சா?" என்று துரை இருமினார்.

"மீனுங்க தொரை. நல்லா முறுகட்டும்னு."

ஏலியா முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குப்பியைத் திறந்தார். மோந்து பார்த்தார்.

"இதென்ன, பட்டை மணக்குது?"

"மீன் மசாலாங்க."

முதலாளி தம்ளரில் ஊற்றினார். குல்லாயைச் சரிசெய்து, தம்ளரைக் கையில் ஏந்தி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் பிச்சைமணிக்குத் தாங்கவில்லை. திருட்டுத்தனமாக ஊற்றி வைத்ததுகூடப் பரவாயில்லை. அந்த மனுஷன் கண்ணை மூடிச் சாமி கும்பிடுகிறாரே!

"மொதலாளி, குடிச்சிராதீங்க. அது ஒங்க வைன் இல்ல."

முதலாளி கண்ணைத் திறந்தார். துரையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மேசை துடைத்ததிலிருந்து கத்தரீனாள் வரைக்கும் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தான் பிச்சைமணி. சொல்லும்போதே இரண்டு அறை வீடு கண்முன்னால் இடிந்து விழுந்தது.

"பெர்மனென்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சாயங்காலம் சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு" என்றார் துரை.

"சரிங்க தொரை. அவரு சாமி அவரு கண்ணக் குத்த நான் காரணமா இருக்கமுடியாதுங்க." அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி தம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இரிங்க. பதினெட்டு வருஷமா இந்த மலையில பங்களா பங்களாவாத் தங்கறேன். குப்பியில கொறஞ்ச எடத்துல பச்சத் தண்ணி ஊத்தி வெச்ச சமையல்காரங்களத்தான் பார்த்திருக்கேன். வைன் ஊத்தி வெச்சவன் இவன் ஒருத்தன்தான். அதையும் அவனே வந்து சொல்றான். இவன விட்டுட்டு வேற யாரைப் பெர்மனென்ட் ஆக்கப்போறீங்க?"

தேயிலை விற்றாக வேண்டிய துரை உடனே தலையாட்டினார். "அதத்தான் சார் நானும் நெனச்சேன்."

"எனக்கு இன்னிக்கு வைன் வேண்டாம், கட்டன் சாயா மதி" என்றார் முதலாளி.

பிச்சைமணி அடுக்களைக்கு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதலாளியின் கார் டிரைவர் பெரியமுத்து, கம்பத்துக்காரன், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தப்பிச்சேம்ப்பா. இனிமே ஜென்மத்துக்கும் அந்தக் குப்பி பக்கம் போகமாட்டேன். என் கை பட்டதாலதான இத்தன கூத்தும்" என்றான் பிச்சைமணி.

பெரியமுத்து குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தான்.

"ஒங் கை பட்டா என்னண்ணே? அது அடுப்புல கொதிக்க வெச்சுக் காய்ச்சுன வைனு. காய்ச்சிட்டா யாரு தொட்டாலும் அவங்க சட்டத்துல குத்தமில்ல. பங்களாவுல குடிச்சுத் தீத்துர்றாங்கன்னுதான் மொதலாளி எல்லா எடத்துலயும் அப்பிடிச் சொல்லி வெக்கிறாரு. வீட்டுல தெனமும் அவருக்கு ஊத்திக் குடுக்குறதே நாந்தான்."