லிப்ட்காரர் மலையிறங்கின கதை

"நான் போறேன். யாரு தடுத்தாலும் போறேன்!"

பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு, பிரஷை வாயில வச்சுக்கிட்டே லிப்ட்காரர் இதைச் சொல்லிப் பார்த்தாரு. முதல் தரம் நுரைதான் தெறிச்சுது. அடுத்த தரம் குரல் உடைஞ்சுது. அதுக்கடுத்த தரம் வீரம் வந்துடுச்சு. வந்த வீரம் ஆறிப்போறதுக்குள்ள சமையல்கட்டுக்கு ஓடினாரு. நெஞ்சை நிமித்தினாரு.

"நான்..."

"வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க"ன்னா பொண்டாட்டி.

கொப்பளிச்சாரு. நுரையோட வீரமும் குழாய்க்குள்ள போயிடுச்சு.

லிப்ட்காரர்னா லிப்ட்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பட்டன் அழுத்தறவரு இல்லீங்க. ரிப்பேர் பண்றவரு. ஊருல இருக்கற உசந்த கட்டடம் எல்லாத்துலயும் உசரத்தைப் பார்க்காத ஒரே ஆளு. மத்தவங்க மேல போவாங்க, இவரு லிப்டுக்கு அடியில இருக்கற குழிக்குள்ள போவாரு. அங்க நின்னு அண்ணாந்து பார்த்தா இருட்டு, கம்பி, கிரீஸு. அதுக்கும் மேல கான்கிரீட். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இதே காட்சிதான். கல்யாணத்துக்கு அப்புறமும் பெருசா ஒண்ணும் மாறலன்னு அவரே சொல்லுவாரு, மெதுவா, கதவைச் சாத்திட்டு.

ஒரு நாள் கூட வேலை பாக்கறவரு போன்ல ஒரு வீடியோ காட்டினாரு. ரெண்டு பக்கமும் நெட்டுக்குத்தா பாறை. நடுவுல ஒரு ஆறு நெளிஞ்சு போகுது. ஜனங்க முதுகுல பையை மாட்டிக்கிட்டு அந்த மலையிடுக்குல எறும்பு மாதிரி நடந்து போறாங்க. கேமரா அப்படியே மேல திரும்புது. பாறைக்கும் பாறைக்கும் நடுவுல, நாடா கிழிச்ச மாதிரி ஒரு துண்டு வானம்.

"யோவ், இது நம்ம குழிய்யா!"ன்னு கத்திட்டாரு லிப்ட்காரர். "கூரை போட மறந்துட்டாங்க!"

அன்னைக்குப் பிடிச்ச கிறுக்கு. சாகறதுக்குள்ள ஒரு தரம் அந்தக் குழிக்குள்ள படுத்து மேல பார்க்கணும். வேற ஆசை கிடையாது. அதை எப்படி வீட்டுல சொல்றதுங்கறதுதான் கவலை.

பொண்டாட்டி சண்டைக்காரின்னு நெனச்சுடாதீங்க. அதட்டியே பேச மாட்டா. வாஷிங் மெஷின் கம்பெனியில புகார் போன் எடுக்கற வேலை. ஒரு பக்கம் வீடு பூரா தண்ணி ஓடுதுன்னு கத்தறவங்க. இன்னொரு பக்கம் பைக்ல ஏறாம டீக்கடையில சாஞ்சிருக்கற மெக்கானிக்குங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து தேனா பேசுவா. அவ போனை வைக்கறதுக்குள்ள மெக்கானிக் கிளம்பியிருப்பான். அதுவும் தானே யோசிச்சுக் கிளம்பினதா நெனச்சுக்கிட்டு.

அப்படிப்பட்டவ வீட்டுலயும் ஒரு மெக்கானிக்.

"சொல்லுங்க, என்னமோ 'நான்'னு ஆரம்பிச்சீங்களே."

"அது... மலையிடுக்குல நடக்கறதுக்கு ஒரு குழு கூட்டிட்டுப் போறாங்களாம். போலாமான்னு..."

"போயிட்டு வாங்களேன்."

லிப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'கூடாது'ன்னு சொன்னா என்ன சொல்லணும், அழுதா என்ன சொல்லணும், அம்மா வீட்டுக்குப் போறேன்னா எப்படி சந்தோஷத்தை மறைக்கணும், எல்லாத்துக்கும் ஒத்திகை பார்த்து வச்சிருந்தாரு. 'போங்க'ன்னா என்ன பண்றதுன்னு யோசிக்கவே இல்லை.

"நெஜமாவா?"

"உங்க ஆசைக்கு நான் குறுக்க நிப்பேனா? ஆனா முதுகுல பாரத்தோட நடக்கணுமே. பழகிக்க வேணாமா?"

"பழகிட்டாப் போச்சு! நம்ம கட்டடத்துலதான் ஆறு மாடிப் படி இருக்கே!"

படி இருந்துது. லிப்டும் இருந்துது. லிப்டு வாசல்ல 'வேலை செய்யவில்லை'ன்னு ஒரு அட்டையும் மாசக்கணக்கா தொங்கிட்டு இருந்துது.

இங்கதான் விஷயமே. ஊர் லிப்டை எல்லாம் ஓட வைக்கற மனுஷன் குடியிருக்கற கட்டடத்துல லிப்டு ஓடல. கேட்டவங்ககிட்ட, "பார்ட்ஸ் வெளிநாட்டுலேருந்து வரணும்"னு சொல்லிட்டாரு. நெசம் என்னன்னா, வீட்டுக்கு வந்த அப்புறமும் ஸ்பேனரைத் தொட அவருக்கு உடம்பு வளையல. ஒரு தரம் தொட்டா ஆயுசு பூரா ஓசி மெக்கானிக்தான்னு ஒரு பயம். ஆறாவது மாடி டீச்சருக்கு மூட்டு வலி. லிப்டு நின்னதுலேருந்து அந்தம்மா தெருவுல கால் வைக்கல. பால்கனியில நின்னு கயித்துல கூடையை இறக்கி, காய்கறிக்காரரோட கத்திக் கத்திப் பேரம் பேசிட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் பார்க்காமலே வீட்டுக்கு வர லிப்ட்காரர் நல்லாப் பழகியிருந்தாரு.

மறுநாள் புதுப் பையை மாட்டிட்டு வந்து நின்னாரு. பை ஆள் உசரம்.

பொண்டாட்டி அதை ஒத்தை விரல்ல தூக்கிப் பார்த்தா. "உள்ள என்னங்க?"

"சாமான்."

ஜிப்பைத் திறந்தா. ரெண்டு தலையணை.

"மலையேறப் போறீங்களா, மலையில போய் மல்லாக்கப் படுக்கப் போறீங்களா?"

"முதல்ல லேசா ஆரம்பிச்சு..."

"வெறும் பாரத்தைத் தூக்கினா மனசுக்குப் பிடிக்காதுங்க. யாருக்காவது உபயோகமான பாரம்னா கால் தானா நடக்கும். கீழ வாசல்ல, மூணாவது மாடி வீட்டுப் பேக்கரிக்காரரோட மாவு மூட்டை கிடக்கு. பாவம், எப்படி ஏத்தறதுன்னு நிக்கறாரு."

மாவு மூட்டை ஏறிச்சு. பேக்கரிக்காரர் கையைத் தட்டினாரு. "அண்ணே! உங்க வயசுல யாருண்ணே இப்படி ஏறுவா! நான் இருபத்தஞ்சு வயசுன்னு நெனச்சேன்!"

லிப்ட்காரருக்கு நெஞ்சு விடைச்சுது. அந்த விடைப்புலயே பேக்கரியோட சக்கரை மூட்டையும் ஏறிச்சு. அப்புறம் ரெண்டாவது மாடிக்காரங்க தண்ணி கேன். அஞ்சாவது மாடியில இவரோட எதிர்வீட்டுக்காரங்க கேஸ் சிலிண்டர். வாரம் முடியறதுக்குள்ள கட்டடமே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்து பையைக் கீழ வச்சுட்டு, வெறுங்கையை வீசிக்கிட்டு மேல போக ஆரம்பிச்சுடுச்சு. கேட்டா, "உங்க பயிற்சி கெடக் கூடாதுல்ல!"

முட்டி ரெண்டும் 'கிரீச், கிரீச்'. கிரீஸ் வச்சாலும் அடங்காது.

"ஏம்மா, கொஞ்சம் ஓவராப் போகுதோ?"

"என்னங்க இது, இப்பத்தானே உங்க உடம்பே ஒரு கட்டுக்கு வந்திருக்கு! ஞாயித்துக்கிழமைதான் முக்கியமான பயிற்சி."

"அது என்ன?"

"மலையில யாராவது விழுந்துட்டா தூக்கிட்டு வரணும்ல? டீச்சர்கிட்ட பேசிட்டேன். நாற்காலியோட முதுகுல கட்டிக்கிட்டு கீழ இறக்கி, தெருவைக் காட்டிட்டு, திரும்ப மேல கொண்டு வந்துடணும். அவங்க ரொம்ப ஆசையா இருக்காங்க. புதுப் புடவை எடுத்து வச்சுட்டாங்க."

டீச்சர் நல்ல வாட்டசாட்டமானவங்க. லிப்ட்காரரு தன் முட்டியைத் தடவிப் பார்த்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை பொண்டாட்டி வேலைக்குக் கிளம்பினதும் லிப்டைத் திறந்தாரு. பார்த்தா, கதவு மூடிச்சான்னு பார்க்கற சின்ன காண்டாக்டுல தூசி. கைக்குட்டையால துடைச்சாரு. ஊதினாரு. லிப்டு 'ம்ம்ம்ம்'னு எழுந்துடுச்சு. வெளிநாட்டு பார்ட்ஸ் அவ்வளவுதான்.

சரி பண்ணினவரு சொன்னாரா? மாட்டாரே! அட்டையை மறுபடியும் தொங்க விட்டாரு. அதைப் பார்த்துப் பார்த்து யாரும் பட்டனைத் தொடறதையே விட்டுட்டாங்கல்ல? இனிமே மூட்டையோட உள்ள நுழைய வேண்டியது, நாலாவது மாடியில இறங்க வேண்டியது, அங்க குழாய்த் தண்ணியை முகத்துல அடிச்சுக்க வேண்டியது, மிச்சம் ஒரு மாடி 'ஹப்பா, ஹம்மா'ன்னு ஏற வேண்டியது. டீச்சரைக் கூட கண்ணை மூடிக்கச் சொல்லி...

அன்னைக்கு சாயங்காலமே செஞ்சும் காட்டினாரு.

பொண்டாட்டி பார்த்தா. மூஞ்சியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். பை மாட்டின முதுகு மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி காஞ்சு கிடக்கு.

"ரொம்ப முன்னேறிட்டீங்க"ன்னா. முகத்துக்குத் துண்டை நீட்டினா.

மறுநாள் சனிக்கிழமை. எதிர்வீட்டுக்காரங்க அரிசி மூட்டையோட லிப்டுல ஏறி நாலை அழுத்தினாரு. லிப்டு கிளம்பிச்சு. நாலு வந்துது. நாலு போயிடுச்சு. பழைய லிப்டுங்க அது, முதல்ல கூப்பிட்டவங்ககிட்டதான் முதல்ல போகும். யாரோ மேலேருந்து கூப்பிட்டிருக்காங்க!

அஞ்சு வந்துது. அஞ்சும் போயிடுச்சு. லிப்ட்காரரு எல்லா பட்டனையும் அழுத்தினாரு. கதவைக் கும்பிட்டாரு.

ஆறுல கதவு திறந்துது.

புதுப் புடவையில டீச்சர். நாற்காலியில உக்காந்து, மடியில கைப்பை. பக்கத்துல பொண்டாட்டி.

"கீழ போகுதா தம்பி?"ன்னாங்க டீச்சர்.

"இது... இது வந்து... சும்மா டெஸ்டுக்கு..."

"பார்ட்ஸ் வந்துடுச்சாங்க?"ன்னா பொண்டாட்டி, போன்ல கேக்கற அதே தேன் குரல்ல. "எந்த நாட்டுலேருந்து?"

லிப்ட்காரரு மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னாரு. டீச்சர் எழுந்து, பொண்டாட்டி தோளைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்தாங்க. கீழ போற வரைக்கும் டீச்சர் ஒவ்வொரு மாடி நம்பரையும் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே வந்தாங்க, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி.

தெருவுல இறங்கி ஒரு கையால சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு டீச்சர் நின்னாங்க. காய்கறி வண்டிகிட்டப் போனாங்க. தக்காளியைக் கையில எடுத்து அமுக்கிப் பார்த்தாங்க. மாசக்கணக்கா கூடையில வந்ததைத்தானே வாங்கினாங்க, ஒண்ணை அமுக்கிப் பார்க்க முடிஞ்சுதா? அப்புறம் வண்டிக்காரரோட ஒரு சண்டை போட்டாங்க பாருங்க, அவரே சிரிச்சுட்டாரு.

லிப்ட்காரரு மூட்டையைக் கீழ வச்சுட்டாரு. அப்பவும் பாரம் குறையல.

"முன்னாடியே செஞ்சிருக்கலாம்மா"ன்னாரு.

"அதனால என்னங்க, நீங்களாத்தானே செஞ்சீங்க."

அட்டையை அவரே கழட்டினாரு. அப்புறம் ராத்திரி சாப்பாட்டுல மெதுவா ஆரம்பிச்சாரு. "அப்ப அந்த மலையிடுக்கு... வேணாமோ?"

"ஏன் வேணாம்? பேர் குடுத்தாச்சு. நமக்கு ரெண்டு இடம்."

"ரெண்டா? நீயுமா? உன்னால நடக்க முடியுமாம்மா? கரடுமுரடு..."

"லிப்டு நின்னதுலேருந்து மார்க்கெட் பையோட தினம் அஞ்சு மாடி ஏறினது யாருங்க?"

லிப்ட்காரரு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாரு.

போய்ச் சேர்ந்தாங்க. வீடியோவுல பார்த்தது ஒண்ணுமே இல்லைங்கற மாதிரி இருந்துது. பாதை பாறையை ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு கீழ இறங்குது. செவப்பு, மஞ்சள், கருப்புன்னு கேக்கு அடுக்கின மாதிரி பாறை. கீழே ஆத்துச் சத்தம். குழுவைக் கூட்டிட்டுப் போற கைடு ஆடு மாதிரி தாவிப் போறாரு. பொண்டாட்டி அவரு பின்னாலயே. கடைசியில நம்ம ஆளு.

பார்த்தாரு. அவ முதுகுல பை கனமா தொங்குது. தோள்பட்டையில பட்டை அழுத்திச் செவந்திருக்கு. அந்த டீச்சர் விஷயத்துலேருந்தே மனசு இளகித்தான் இருந்துது.

"ஏம்மா, கொடு. நான் தூக்கறேன்."

"வேணாங்க, கனம்."

"கொடுங்கறேன்! மாவு மூட்டை தூக்கின உடம்பு இது!"

கொடுத்துட்டா. யப்பா, என்ன கனம்! தன் பை முதுகுல, அவ பை நெஞ்சுல. முன்னால பாதை தெரியல.

"உள்ள என்னம்மா இவ்வளவு?"

"எல்லாம் உங்களுக்கு வேண்டியதுதாங்க."

உருகிட்டாரு. தனக்குத் தின்பண்டம், தனக்குப் போர்வை, தன் முட்டிக்குத் தைலம். பாவம், எனக்காக இதையெல்லாம் சுமந்துக்கிட்டு... மூச்சு வாங்கிச்சு, நாக்கு தள்ளிச்சு, அப்பவும் கீழ வைக்கல. ஒரு தரம் கைடு, "அண்ணே, ஒண்ணை நான் எடுத்துக்கவா?"ன்னு கேட்டாரு. "என் பொண்டாட்டி பை, நான்தான் தூக்குவேன்"னுட்டாரு.

அடிவாரத்துல ஆத்தோரமா ஒரு தங்கற வீடு. லிப்ட்காரரு பையெல்லாத்தையும் இறக்கிப் போட்டுட்டு, சூடான பாறையில மல்லாந்து படுத்தாரு.

ரெண்டு பக்கமும் சுவரு. அண்ணாந்து, அண்ணாந்து, அண்ணாந்து போற சுவரு. இருட்டு இல்லை. கம்பி இல்லை. அது முடியற இடத்துல நீலமா ஒரு கோடு. அதுக்குள்ள ஒரு பறவை நுழைஞ்சு, வெளியில போச்சு.

பொண்டாட்டி பக்கத்துல வந்து உக்காந்தா. "பிடிச்சிருக்காங்க?"

 தலையை மட்டும் ஆட்டினாரு. அவ கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

கைடு வந்து குனிஞ்சாரு. "அண்ணே, அவசரமில்ல. நல்லா மூச்சு வாங்கிக்கிட்டு வாங்க. விஞ்ச் அந்தப் பக்கம் இருக்கு."

"என்ன விஞ்சு?"

"மேலேருந்து சாமான் இறக்கற விஞ்ச்ணே. நின்னுபோச்சு. அரிசி, சிலிண்டர், எல்லாம் ஆளுங்க முதுகுலதான் வருது. அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்களே!"

லிப்ட்காரரு மெதுவா அக்காவைத் திரும்பிப் பார்த்தாரு.

"இடமே இல்லைன்னுட்டாங்கங்க. நீங்க வேற ராத்திரியெல்லாம் தூக்கத்துல அந்த வானத்தையே சொல்லிப் புலம்பிட்டிருந்தீங்க. உங்க வேலை என்னன்னு சொன்னேன். ரெண்டு இடம் வந்துடுச்சு."

லிப்ட்காரரு யோசிச்சாரு. யோசிச்ச மூஞ்சியில சூரியன் உதிச்சுது. வாழ்க்கையில முதல் தரமா இவளை மடக்கியாச்சு!

"அடடா! செய்யலாம்தான். நான் செய்ய மாட்டேனா? ஆனா வெறுங்கையால என்ன பண்றது? டூல்ஸ் பையெல்லாம் வீட்டுல இல்ல கிடக்கு! ஸ்பேனர் இல்ல, டெஸ்டர் இல்ல, ஒரு ஸ்க்ரூடிரைவர் கூட இல்லையே தம்பி!"

பொண்டாட்டி அவரு நெஞ்சோட அணைச்சு மலையிலேருந்து இறக்கிக் கொண்டு வந்த பையோட ஜிப்பைத் திறந்தா.