ஏழு நிமிடம் முந்திய பாங்கு

ஒரு கணினி என் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னது. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. நான் அதன் வாயை அடைத்துவிட்டு, முகம் கழுவி, தொப்பி போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக நோன்பு திறக்கப் போனேன். புத்தளம் தில்லையடியில் எங்கள் பள்ளிவாசலைச் சுற்றியிருந்த அத்தனை வீடுகளின் நோன்பும் அன்று பாழானதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அந்தக் காரணம்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கணினிப் படிப்பில் இரண்டாம் வருடம். (உலகத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் இரண்டாம் வருடத்தில்தான் இருப்பார்கள். மூன்றாம் வருடத்தில் கொஞ்சம் குறையும்.) இணையத்தில் சிலர் சேர்ந்து ஒரு புது இயங்குதளத்துக்குக் கேர்னல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கேர்னல் என்பது கணினியின் அடிப்படை மென்பொருள். திரை, விசைப்பலகை, உள்ளே இருக்கும் கடிகாரம் எல்லாம் அது சொல்வதைத்தான் கேட்கும். பழைய கணினிகளில் அதை ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். 'வேலைக்குப் பயன்படும் கணினியில் இதைச் செய்யாதீர்கள்' என்பது அறிவுறுத்தலின் முதல் வரி. நான் இரண்டாவது வரியிலிருந்து வாசித்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பழைய கணினி பள்ளிவாசல் அலுவலக அறையில் இருந்தது. இணைய இணைப்புக் கிடையாது. சுவரில் மாட்டிய திரையில் நேரத்தைக் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அந்தத் திரையைப் பார்த்து, தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர் மோதினார். மோதினார் என் வாப்பா.

போர்க் காலத்தில் மன்னாரிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்டு வந்த மனிதர் அவர். புத்தளத்தில் அவர் சேர்த்த சொத்து ஒரு பெயர்தான். பத்தொன்பது வருடத்தில் அவருடைய பாங்கு ஒரு நிமிடம் முந்தியதில்லை, பிந்தியதில்லை. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர் வாப்பாவின் பாங்கைக் கேட்டுத்தான் தன் கடை மணிக்கூட்டைத் திருத்துவார்.

நோன்பு பதினேழில், மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் வேலையில் இறங்கினேன்.

"பழுதாகாதே மகன்?" என்று வாப்பா கேட்டார்.

"பழுதா? இனித்தான் வாப்பா இது ஒழுங்கா ஓடப்போகுது."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. வன்தட்டைக் காணவில்லை என்றது. அமைப்பை மாற்றினேன், கண்டுபிடித்தது. நினைவகம் பாதிதான் இருக்கிறது என்றது. பெட்டியைக் கழற்றினால் உள்ளே இரண்டு பல்லி முட்டை. அகற்றிவிட்டு நினைவகத்தை அழுத்திப் பொருத்தினேன், அந்தச் செய்தியும் போனது. கடைசியில் ஒரே ஒரு செய்தி மட்டும் நின்றது: 'கடிகாரம் நிலையாக இல்லை. நம்ப வேண்டாம்.' மறுபடி இயக்கினேன். அதே செய்தி. இப்படி நான்கு தடவை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வாப்பா வாசலில் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

தொடக்க அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தால் கேர்னல் எந்தச் செய்தியும் காட்டாமல் எழும்பும் என்று எங்கோ படித்திருந்தேன். சேர்த்தேன். ஐந்தாவது தடவை ஒரு முணுமுணுப்பும் இல்லை. கைபேசியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தேன். கேர்னல்காரர்களுக்கு 'எல்லாம் சரி, ஒரு பிழையும் இல்லை' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு கைபேசியை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, பெருமையோடு பள்ளிக்குத் திரும்பினேன்.

மாலையில் மழை இருட்டு. வரிசையாகக் கஞ்சிக் கோப்பைகள். திரையில், சூரியன் மறைந்து நோன்பு திறக்கும் மக்ரிப் நேரம் வந்துவிட்டது. வாப்பா திரையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மகன், என்ட மணிக்கூட்டுல இன்னும் ஏழு நிமிசம் இருக்கு."

"அது கிழட்டு மணிக்கூடு வாப்பா. கம்பியூட்டர் பொய் சொல்லாது."

(அது பொய் சொல்லவில்லைதான். நான்கு தடவை சொன்னதே!)

வாப்பா சட்டைக் கையை இழுத்து மணிக்கூட்டை மூடிக்கொண்டு மைக்குக்குப் போனார். எத்தனையோ பேரின் பையில் கைபேசி இருந்தது. மோதினார் பாங்கு சொன்ன பிறகு அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள்?

நான் இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருந்தேன். அடுத்த தெருப் பள்ளியில் "அல்லாஹு அக்பர்" என்று தொடங்கியது. பின்னாலேயே டவுன் பக்கம் ஒன்று. பிறகு பாலாவிப் பக்கத்திலிருந்து மெல்லிதாக இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஒரு கோப்பையும் அசையவில்லை. எதிரே இருந்த வயதானவர் வாயிலிருந்த பேரீச்சம்பழத்தை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

தொழுகைக்குப் பிறகு மௌலவி, திறந்தவர்கள் எல்லாரும் இந்த நோன்பைப் பிறகு ஒரு நாள் நோற்றுக் களாச் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, "எப்பிடி நடந்தது?" என்று கேட்டார். கடைசி வரிசையில் நின்ற நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். வாப்பா எழும்பி மைக்கைக் கேட்டு வாங்கினார். ஊர் முழுக்கக் கேட்டது.

"நேரத்தப் பிழையாப் பார்த்தது நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

வெட்கம் கெட்டவன் நான், அப்போதும் சும்மாதான் நின்றேன். வீட்டுக்கு வந்தால் கேர்னல்காரர்களிடமிருந்து பதில் வந்திருந்தது: 'மிக்க நன்றி. கடிகாரம் பற்றி ஏதாவது செய்தி காட்டியதா?'

மீதி நோன்பு நாட்களில் வாப்பா அடுத்த பள்ளியின் பாங்கு தொடங்கிய பிறகுதான் தன் பாங்கைத் தொடங்கினார். பெருநாளோடு மோதினார் வேலையை விட்டார். கண் சரியில்லை என்று நிர்வாகத்திடம் சொன்னார். அவர் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் தாங்க முடியாமல் மௌலவியிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். படிக்கிற பிள்ளைட பேர எடுக்க வேணாம் எண்டு உங்கட வாப்பாதான் கையப் பிடிச்சாரு" என்றார்.

நோன்பு மாதம் முடிந்து வந்த அந்த ஷவ்வாலில் சுற்றியிருந்த வீடுகளெல்லாம் ஒரு நாள் கூடுதலாக நோன்பிருந்தன. உம்மா அதற்கு 'மகன்ட நோன்பு' என்று பெயர் வைத்தார், இன்றும் அதுதான் பெயர். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்தா (என் அக்கா) கேட்டாள்: "பொண்ணு வீட்டுல ஏதும் எச்சரிக்கை தந்தாங்களா? இல்ல, அதையும் வாயடைச்சிட்டு வந்தியா?" என் மனைவி இப்போது இந்தக் கதையை ராத்தாவைவிட நன்றாகச் சொல்கிறாள்.

வாப்பா மட்டும் கதை சொல்ல மாட்டார். நோன்பு மாதத்தில் இப்போது எங்களோடு வீட்டில்தான் நோன்பு திறக்கிறார். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து, மணிக்கூடு கட்டிய கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்புவார்.

"மகன், திறக்கலாமா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நான் நேரத்தைப் பார்த்து "ஓம் வாப்பா" என்று சொல்லும் வரைக்கும் அந்தப் பழத்தை அவர் வாயில் வைக்க மாட்டார்.