வேண்டாம் அண்ணாச்சியின் பத்து வீட்டு லயம்

சூரியநெல்லியில் காட்டு யானைக்குப் பயப்படாத ஆட்கள்கூட உண்டு. ஆனால் வேண்டாம் அண்ணாச்சியிடம் ஒரு பொருளைப் பரிசாக நீட்டி, வெறுங்கையோடு வீடு திரும்பிய ஆள் ஒருவர்கூடக் கிடையாது.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நாற்காலி வேண்டாம், தரை இருக்கிறது. டீயில் சர்க்கரை வேண்டாம், டீ இருக்கிறது. மறையூரிலிருந்து யாரோ கொண்டுவந்த வெல்லத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "மணம் போதும்" என்று திருப்பிக் கொடுத்தவர். சட்டைப் பையைக்கூடத் தையல்காரரிடம் சொல்லிப் பாதியாக வெட்டிக்கொண்டார். அதில் வைக்க ஒரே ஒரு பென் டிரைவ்தானே இருக்கிறது?

எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கடைவீதியில் பேக்கரி மாடியில் ஓர் அறை பிடித்து சர்வர் வைத்திருந்தார். ரஸ்க் டின் அளவில் ஒரு பெட்டி. திரை இல்லை, கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை.

"திரை எங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது மூஞ்சிய எதுக்கு டீச்சர் பாத்துக்கிட்டே இருக்கணும்? அது பாட்டுக்கு வேலை செய்யட்டும்."

அந்தப் பெட்டிக்குள் பத்து கம்ப்யூட்டர்கள் ஓடுவதாகச் சொன்னார். நான் எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"நம்ம எஸ்டேட்டு லயம் மாதிரிதான் டீச்சர். ஒரே கூரை, பத்து வீடு. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. ஒரு வீட்டுல சண்டை வந்து சட்டி பறந்தாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை உக்காந்து படிக்கலாம். கூரை இந்தப் பென் டிரைவ்ல இருக்கு. எந்தப் பெட்டியில செருகினாலும் எந்திரிச்சு நின்னுரும். வீட்டுச் சாமானெல்லாம் டிஸ்க்குல."

அந்த லயத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து மதிப்பெண் பட்டியல் ஒரு வீட்டில் குடியிருந்தது. சின்னக்கானல் ஹோம்ஸ்டே ஒன்றின் முன்பதிவு இன்னொன்றில். ஏழாம் நம்பர் வீட்டில் என் மகள் தாமரையின் கடைசி வருட ப்ராஜெக்ட். யானை எங்கே நிற்கிறது என்று ஒருவர் செய்தி அனுப்பினால், அந்த வழியில் இருக்கிற எல்லோருடைய போனும் அலறும். அவளுடைய லேப்டாப் அதைத் தாங்காமல் மூச்சு வாங்கியதால் அண்ணாச்சியிடம் குடியேற்றினாள். வாடகை கேட்டதற்கு என்ன சொன்னார் என்று நான் எழுதவேண்டியதில்லை.

தேர்வு நாள் வந்தது. மூன்று மணிக்குத் தேர்வாளர் வீடியோவில் வருவார். ப்ராஜெக்ட் ஓடினால் டிகிரி, ஓடாவிட்டால் இன்னொரு வருடம்.

ஒரு மணிக்கு முதல் இடி உறுமியது.

துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், இடி கேட்டால் எங்கள் மலையில் எல்லோரும் பிளக்கைப் பிடுங்குவோம். நான் அதில் ஒரு படி மேல். அடுத்த வீட்டு மிக்ஸியையும் பிடுங்கிவிட்டு வருவேன். அன்று குடையைக்கூட விரிக்காமல் பேக்கரி மாடிக்கு ஓடினேன். அண்ணாச்சி கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல நேரமில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியில் செருகியிருந்த பென் டிரைவையும் பிடுங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று மடக்கிய குடைக்குள் போட்டேன். நீல நிற இன்டர்நெட் கேபிளை மட்டும் விட்டுவிட்டேன்.

பளீரென்று ஒரு வெளிச்சம். மின்னல் அந்த கேபிள் வழியே இறங்கி, பெட்டியிலிருந்து கருகிய அப்பள வாசனை வந்தது. அலறிக்கொண்டு கீழே ஓடி, வாசலில் குடையை விரித்தேன். பென் டிரைவ் துள்ளி, சாலையோர ஓடைத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாமரை வந்தாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

நான் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"மேல ஏறி வாங்க டீச்சர்," என்றார் அண்ணாச்சி. "அதுல தாமரை இல்ல. வெறும் கூரை. அதுக்கு இன்னொண்ணு இருக்கு." பாதிப் பையைத் தட்டிக் காட்டினார்.

பெட்டியைத் திறந்து இரண்டு டிஸ்க்குகளை எடுத்துத் துண்டில் சுற்றினார். "ரெண்டுலயும் ஒரே சாமான்தான். ஒண்ணு போனா ஒண்ணு."

எனக்கு அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்களா ரெண்டு வச்சீங்க?"

"பிள்ளைங்க சாமானாச்சே டீச்சர்."

கீழே பேக்கரி முதலாளி சேட்டன் பில் போடும் கம்ப்யூட்டரை அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரோடு நெருங்கியதும் சேட்டன் குறுக்கே விழுந்தார்.

"அய்யோ அண்ணாச்சி, பப்ஸுக்கு ஆளு நிக்குது! பில்லு எப்படி அடிக்கும்?"

"பேப்பர்ல எழுதுங்க சேட்டா."

"பேனா இல்லா!"

"பேனா வேண்டாம். பென்சில் போதும்."

சேட்டனுடைய டிஸ்க்கைக் கழற்றி ரஸ்க் டின்மேல் வைத்தார். பையிலிருந்த பென் டிரைவைச் செருகி, எங்களுடைய முதல் டிஸ்க்கை மாட்டினார். சத்தமே இல்லை. செத்துவிட்டது. தாமரை என் கையைப் பிடித்தாள். மணி இரண்டே முக்கால். இரண்டாவதை மாட்டினார். சேட்டனின் திரையில் வெள்ளை எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி ஏறின.

"கூரை நின்னுட்டு," என்றார். "ஆனா இந்தப் பெட்டிக்கு வயிறு சின்னது, பத்து வீடு தாங்காது. மத்தவங்க இன்னைக்குக் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கட்டும். ஏழாம் நம்பர்ல மட்டும் விளக்கைப் போடுவோம்."

இன்வெர்ட்டர் கரண்டிலும் போன் இன்டர்நெட்டிலும் தேர்வு தொடங்கியது. தாமரை பேசப் பேச, பின்னால் "ரெண்டு பப்ஸ், ஒரு தேங்கா பன்னு" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. எங்கே இருக்கிறாய் என்று தேர்வாளர் கேட்டார். "சர்வர் ரூம்ல சார்" என்றாள். அந்த நேரத்துக்குச் சரியாக ஒரு ஜீப் டிரைவர் நனைந்தபடி உள்ளே வந்து கத்தினார்.

"ஏ, ஒத்தையானை வளைவுல நிக்கி! ஒரு வண்டியும் போவாது!"

தாமரை அதை அப்படியே தட்டச்சு செய்தாள். அடுத்த நொடியே பேக்கரியில் இருந்த அத்தனை போனும் ஒரேயடியாக அலறின. சேட்டன் பென்சிலைக் கீழே போட்டார். திரையில் தேர்வாளர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதுவது தெரிந்தது.

அவள் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. நான் இன்றைக்கும் இடி கேட்டால் ஓடுகிறேன். முதலில் நீல கேபிளைத்தான் பிடுங்குகிறேன்.

அன்று எல்லாம் முடிந்ததும் சேட்டனின் அடுப்பில் நானே டீ போட்டேன். அண்ணாச்சி தரையில், ரஸ்க் டின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டம்ளரை நீட்டினேன். வாங்க நீட்டிய கையில் ஸ்க்ரூ டிரைவர் இன்னும் இறுக்கிப் பிடித்தபடியே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, இரண்டு மணிநேரமாக என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர்தான் என்று.

"டீச்சர்," என்றார் மெதுவாக, யாருக்கும் கேட்காமல். "கொஞ்சம் சர்க்கரை போடுதீங்களா?"

நான் மூன்று கரண்டி போட்டேன்.