ஆள் மாற்றிப் படித்த ஜெர்மன்

தண்டையார்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பாலகணேஷுக்கு, அத்தான் ஆறுமுகநயினார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. தூத்துக்குடியில் நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான், கை வரமாட்டேன் என்கிறது. போன் இருக்கப் பேப்பர் எதற்கு என்று கேட்பாய். போன வாரம் உனக்கு என்று நினைத்து அந்த ஜெர்மன் டீச்சர் அனிஷாவைத் திட்டி ஒரு வாய்ஸ் அனுப்பினேன். அது நேரே மகள் சுஜாவின் வகுப்புக் குழுவில் போய் விழுந்தது. அந்தம்மா கோபப்படக்கூட இல்லை. "சுஜா, தொண்டை கட்டியிருக்கா? நல்ல முயற்சி, இதையே ஜெர்மன்ல சொல்லுங்க" என்று பதில் போட்டாள். அதோடு போனைத் தொடவே பயமாக இருக்கிறது.

எல்லாம் நீ ஆரம்பித்து வைத்த வினை. திருவொற்றியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பிள்ளை ஜெர்மனிக்குப் போக ஆசைப்படுகிறாள், ஆன்லைன் வகுப்பில் சேருங்கள் அத்தான், செயலி இருக்கிறது, குழு இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம் என்றாய். சரி, படிக்கலாம். படிக்கிறவள் வீட்டில் இருக்க வேண்டாமா? டியூட்டி மாறி மாறி வருகிறது. ஒரு நாள் பயிற்சி செய்யாவிட்டால் செயலியில் ஒரு பொம்மை வந்து அழுகிறது. அழுகை நீண்டால் குழுவிலிருந்தே தூக்கிவிடுவார்களாம். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாதா? முதலாளி சாப்பிடப் போனால் தம்பி, தம்பி போனால் பெண்டாட்டி என்று யாராவது உட்கார்வோமே தவிர, கல்லா காலியாக இருக்காது. அப்படித்தான் சுஜா டியூட்டிக்குப் போனதும் கடைப் போனில் அவள் பெயரில் நாங்கள் உட்கார்ந்தோம். படம் பார்த்துப் பெயர் சொல்வது உன் அக்காள் செல்லக்கனி, கேமராவை அணைத்துவிட்டு வகுப்பில் பதில் சொல்வது நான். லோடு ஏற்றுகிற வேலப்பன் தோளில் மூட்டையோடு நின்று, "இன்னா மொதலாளி, தொண்டையில மீன் முள்ளு மாட்டிகினா மாரி பேசிகினு கீறே? யாரு மேல காண்டு?" என்கிறான். "பாடம் படிக்கேன்டே, நீ மூட்டையை இறக்கு" என்றேன். மைக்கை அணைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

குடும்பமே உழைத்தால் என்ன ஆகும்? சுஜா பெயர் குழுவில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மணலி டேங்கர் லாரி ஹாரனுக்கு நடுவில் நான் கத்திச் சொன்ன பதிலுக்கெல்லாம் எந்தெந்த ஊரிலிருந்தோ கைதட்டல் பொம்மை வருகிறது. "எனக்குப் பதிலா நீங்க படிச்சா எனக்கு எப்படிப்பா வரும்?" என்று பிள்ளை கேட்டாள். "இடத்தை விட்டா போச்சு, நேரம் கிடைக்கும்போது நீயும் படி" என்றேன். பஸ்ஸில் போகும்போது வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தாளாம். அதை யார் கண்டது?

முதலிடத்தில் இருப்பவளைத்தானே முதலில் கூப்பிடுவார்கள்! இன்று மத்தியானம் ஜெர்மனி ஆஸ்பத்திரிக்காரர்களே வீடியோவில் வந்துவிட்டார்கள். கடையில்தான் நெட் நன்றாக வரும் என்று சுஜா பருப்பு மூட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இந்த வேலை கிடைக்க வேண்டுமே என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வலியில் கத்துகிற நோயாளியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும். இவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. பெத்த மனசு கேட்குமா? மூட்டைக்குப் பின்னால் குனிந்து மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன். மெதுவாக என்று நான் நினைத்துக்கொண்டேன். திரையில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, யார் அது என்றாள். பழக்கதோஷம், "நான்தான் சுஜா" என்று ஜெர்மனில் சொல்லித் தொலைத்தேன்.

வேலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு, "போ மொதலாளி, பொண்ணு பொழப்ப பேஜார் பண்ட்டியே!" என்றான். சுஜா எழுந்து என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர், வாயில் ஜெர்மன். மூச்சு விடாமல் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, டியூட்டிக்குப் போய்விட்டாள். உன் அக்காளும் சோறு போடுவதை நிறுத்திவிட்டாள். மகள் பிழைப்பில் மண்ணைப் போட்டவனுக்குச் சோறு ஒரு கேடா என்கிறாள். மண்ணைப் போட்டது நானா, உன் செயலியா?

ஆகையால் மாப்பிள்ளை, கடிதம் கண்டதும் டீச்சரிடம் பேசிக் குழுவிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடு. பிள்ளை திருவொற்றியூரிலேயே இருக்கட்டும். ராத்திரி வீட்டுக்கு வந்து சேருகிற தூரத்தில் அவள் இருப்பதுதான் எனக்கும் நிம்மதி, அதை வெட்கப்படாமலே எழுதுகிறேன். உன் வீட்டாருக்கு என் அன்பைச் சொல். குலசாமி துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் ஆறுமுகநயினார்

பின்குறிப்பு: பெயரை எடுத்துவிடாதே. உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் குழுவில் செய்தி போட்டிருக்கிறாள், எல்லாம் ஜெர்மன். கத்துகிற ஆளைச் சுஜா எப்படிச் சமாளிப்பாள் என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது, பொங்கலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும். அவள் என்னதான் திட்டினாள் என்று உன் அக்காள் கேட்கிறாள். "இங்க நீங்க சொல்லித் தர்றீங்க, அங்க நான் தனியா நிக்கும்போது யாருப்பா சொல்லித் தருவா?" என்றுதான் கேட்டாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது மாப்ளே. அந்தப் பாழாய்ப்போன பாஷையை நான் படிக்காமலே இருந்திருக்கலாம்.